அயோவா 1956, வர்ஜீனியா 1855: அமெரிக்க நாவல் ஏன் அறுபதாம் பக்கத்தில் நின்றுபோகிறது

கேள்வி இது: "தமிழ் நாவல்களும் ரஷ்ய மொழிபெயர்ப்புகளும் படித்துப் பழகியவன். ஆங்கிலமும் தடையில்லை. ஆனால் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் விருது வாங்கிய அமெரிக்க நாவல்களை எடுத்தால் அறுபது பக்கத்துக்கு மேல் போக முடிவதில்லை. நடை நன்றாக இருக்கிறது, ஆனால் இவர்களுக்கு என்னதான் பிரச்சினை என்று பிடிபடவில்லை. சிறுகதைகளோ ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடுகின்றன. எப்படிப் படிப்பது, எதில் தொடங்குவது?"

பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய நாவலாசிரியர் ஒரு மனிதரை அறிமுகப்படுத்தும்போதே அவர் பதவி என்ன, வருமானம் எவ்வளவு, எந்த மாமியின் சொத்துக்காகக் காத்திருக்கிறார் என்பதையெல்லாம் சொல்லிவிடுவார். இன்றைய அமெரிக்க நாவலாசிரியர் அப்படிச் செய்வதில்லை. மாநிலத்தின் பெயரையும் ஆண்டையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த நாட்டு வாசகருக்கு அந்த இரண்டுமே போதும்: அங்கே அப்போது யார் யாரை மணக்கலாம், யாரை விற்கலாம், யார் எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்பது அவருக்குத் தெரியும். நமக்கு அது வெறும் ஊர்ப்பெயர். உங்கள் அறுபதாம் பக்கச் சிக்கலில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணிப்பு. அகராதி இதற்கு உதவாது.

ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்க்கலாம். முடிச்சைச் சொல்லாமல் விளக்க வழியில்லை. ஆனால் இது முடிச்சு தெரிந்தால் கெட்டுப்போகிற புத்தகமும் அல்ல.

மெரிலின் ராபின்சனின் 'கிலியட்' 2004-ல் வந்தது, 2005-ல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசைப் பெற்றது. 76 வயதான போதகர் ஜான் ஏம்ஸ் இதயநோயோடு இருக்கிறார். ஏழு வயதை எட்டப்போகும் தன் மகன் பெரியவனானதும் படிப்பதற்காக ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். இடம் அயோவாவில் கிலியட் என்ற கற்பனைச் சிற்றூர், ஆண்டு 1956. எண்ணிட்ட அத்தியாயங்கள் கிடையாது, இடைவெளி விட்ட பத்திகள்தான். அவருடைய நண்பரின் மகன் ஜாக் பௌட்டன் பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்புகிறான். ஏம்ஸுக்கு அவனைப் பிடிக்காது, தன் சாவுக்குப் பிறகு இளம் மனைவியையும் மகனையும் அவன் நெருங்கிவிடுவானோ என்று பயம். வாசகரும் அந்தப் பயத்தையே கதை என்று எடுத்துக்கொண்டு போகிறார். நாவலின் கடைசிப் பகுதியில்தான் ஜாக் ஒரு புகைப்படத்தைக் காட்டுகிறான். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் அவனுக்கு ஒரு கறுப்பினப் பெண் துணையாக இருக்கிறாள், ஒரு மகனும் உண்டு. அவர்களைக் கூட்டிக்கொண்டு இந்த ஊரில் வந்து வாழ முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் அவன் வந்திருக்கிறான்.

இப்போது ஆண்டையும் மாநிலத்தையும் பாருங்கள். 1956-ல் மிசௌரியில் வெள்ளையர் கறுப்பர் திருமணம் செல்லாது, அது குற்றமும்கூட. இப்படிப்பட்ட தடைகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் லவிங் வழக்கில் தீர்ப்பு சொல்லும்வரை அந்தச் சட்டம் அங்கே இருந்தது. அயோவாவிலோ அப்படியொரு சட்டம் 1851-க்குப் பிறகு இல்லை. போதாததற்கு, கிலியட் அடிமை ஒழிப்பாளர்கள் நிறுவிய ஊர். ஏம்ஸின் தாத்தாவே, அடிமைமுறையை ஆயுதமேந்தி எதிர்த்த ஜான் பிரௌனுக்குத் துணைநின்றவர், இடுப்பில் துப்பாக்கியோடு பிரசங்கம் செய்தவர். சட்டம் தடுக்காத, வரலாறு வரவேற்கவேண்டிய ஊர் அது. ஆனாலும் ஜாக் நேரடியாகக் கேட்கத் தயங்குகிறான். ஏன்?

பதில் நாவலின் முன்பகுதியில் ஒரே ஒரு பத்தியில் இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கறுப்பர்களின் தேவாலயம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. யாரோ பின்சுவரில் சருகைக் குவித்துத் தீ வைத்தார்கள், வேறு யாரோ புகையைப் பார்த்து அணைத்துவிட்டார்கள். பெரிய தீ இல்லை. பிறகு மிஞ்சிய மூன்று நான்கு குடும்பங்களும் சிகாகோவுக்குப் போய்விட்டன. போகும்போது அந்தப் போதகர் தன் தேவாலயப் படியோரம் வளர்ந்த லில்லிச் செடிகளைத் தோண்டி ஒரு சாக்கில் கொண்டுவந்து ஏம்ஸிடம் கொடுத்தார். அவை இப்போது ஏம்ஸின் தேவாலயத்துக்கு முன்னால் அடர்ந்து கிடக்கின்றன, கொஞ்சம் களைந்துவிட வேண்டும் என்கிறார் ஏம்ஸ். அவ்வளவுதான். கடிதம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. பின்னால் ஜாக் அந்தத் தீயைப் பற்றிப் பேச்சை எடுக்கும்போது, அது எப்போதோ நடந்தது, சின்னத் தீதான் என்று அவசரமாகச் சமாதானம் சொல்கிறார். நல்லவரான அந்தக் கிழவரின் குருட்டுப்புள்ளி அந்த அவசரத்தில் இருக்கிறது. அவரே கதைசொல்லி என்பதால் அவருக்குத் தெரியாததை நாவல் நமக்கு எடுத்துச்சொல்லாது. 1956 என்ற எண்ணைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செடிகள் கண்ணில் படும்.

இதே சம்பவங்களைப் பௌட்டன் வீட்டுக்குள்ளிருந்து, ஜாக்கின் தங்கை குளோரியின் பார்வையில் சொல்வது 'ஹோம்' (2008). ஏம்ஸின் மனைவியைப் பற்றியது 'லைலா' (2014). ஜாக்கும் அந்தக் கறுப்பினத் துணைவி டெல்லாவும் சேர்ந்த கதை 'ஜாக்' (2020). வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். 'ஜாக்'கை முதலில் எடுத்தால் கிலியட்டில் ஏம்ஸுக்கு வரும் சந்தேகம் உங்களுக்கு வரவே வராது, பாதி நாவல் வீணாகிவிடும்.

அடுத்து, எட்வர்ட் பி. ஜோன்ஸின் 'தி நோன் வேர்ல்ட்' (2003). வர்ஜீனியாவில் ஒரு கற்பனைக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). 1855-ல் ஹென்றி டௌன்ஸெண்ட் என்ற பண்ணைக்காரர் சாகிறார். அவர் கறுப்பர், அடிமைகளின் சொந்தக்காரர். அவருடைய அப்பா அகஸ்டஸ் தச்சுவேலை செய்து முதலில் தன்னையும், பிறகு மனைவியையும், கடைசியில் மகனையும் விலைகொடுத்து மீட்டவர். ஆனால் மனைவியையும் மகனையும் தாளில் விடுதலை செய்யவில்லை, தன் உடைமையாகவே வைத்துக்கொள்கிறார். இந்த இடத்தில் பலர் அகஸ்டஸின் மேல் கோபப்பட்டுப் புத்தகத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். காரணம் 1806-ல் வர்ஜீனியா இயற்றிய சட்டம்: விடுதலை பெற்ற அடிமை, அனுமதி கிடைத்தாலன்றி, 12 மாதத்துக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும். குடும்பம் சேர்ந்திருக்க வேண்டுமென்றால் மகன் அப்பாவின் சொத்தாக இருப்பதுதான் வழி. தகப்பன் மகனைச் சொத்தாக வைத்திருப்பதைச் சட்டம் சாதாரணமாக்கிவிட்ட இடத்தில் அந்த மகன் வளர்ந்து என்ன ஆவான் என்பதே நாவல். ஜோன்ஸ் அந்தச் சட்டத்தை ஓரிரு வாக்கியங்களில் சொல்லிக் கடந்துவிடுவார். இடையிடையே வரும் மக்கள்தொகைக் கணக்குகளும் பிற்கால ஆய்வாளர்களின் நூல்களும் அவருடைய கற்பனைதான், அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்னும் சில, வேகமாக. டோனி மாரிசனின் 'பிலவட்' (1987) நடப்பது ஓஹியோவின் சின்சினாட்டியில். ஆற்றுக்கு அந்தப்பக்கம் கென்டக்கி, அடிமை மாநிலம். சுதந்திர மண்ணுக்கு வந்துவிட்ட பெண்ணைப் பிடிக்க எஜமானன் எப்படி வர முடிந்தது என்ற கேள்விக்கு 1850-ன் தப்பியோடிய அடிமைகள் சட்டம்தான் விடை. லூயிஸ் எர்ட்ரிக்கின் 'தி நைட் வாட்ச்மேன்' (2020): 1953-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய 108-ஆம் தீர்மானம் பூர்வகுடிகளோடு செய்த ஒப்பந்தப் பொறுப்புகளிலிருந்து அரசு கைகழுவிக்கொள்ள வழிசெய்தது. பார்பரா கிங்சால்வரின் 'டீமன் காப்பர்ஹெட்' (2022): வர்ஜீனியாவின் மூலையிலுள்ள லீ கவுண்டியில் அமெரிக்கக் கால்பந்தாடும் பையனுக்கு முழங்காலில் அடிபட்டு வலிமாத்திரை தருகிறார்கள். ஆக்ஸிகான்டின் என்ற, அடிமையாக்கும் வலிமாத்திரை 1996-ல் சந்தைக்கு வந்தது, அந்த மலைப்பகுதிகளை அது என்ன செய்தது என்பது தெரிந்த வாசகருக்கு மருந்துச்சீட்டு எழுதப்படும் காட்சியே திகில் காட்சி. தெரியாதவருக்கு அது ஆஸ்பத்திரிக் காட்சி.

ஜெஸ்மின் வார்டின் 'சால்வேஜ் தி போன்ஸ்' (2011) பன்னிரண்டு நாள், பன்னிரண்டு அத்தியாயம், பதினோராம் நாள் கத்ரீனா புயல். 2005 ஆகஸ்ட் 29 என்றதும் நாம் தொலைக்காட்சியில் பார்த்த நியூ ஆர்லியன்ஸ் கரையுடைப்பை நினைத்துக்கொண்டு படிப்போம். கதை அங்கே இல்லை. மிசிசிப்பி கடலோரம். அங்கே கரை உடையவில்லை, கடலே ஏறி வந்தது. இந்த ஒரு திருத்தம் இல்லாவிட்டால் கடைசி அத்தியாயங்களில் தண்ணீர் எங்கிருந்து அவ்வளவு வேகமாக வருகிறது என்று விளங்காது.

செய்முறை எளிது. முதல் முப்பது பக்கம் எதையும் தேடாமல் படியுங்கள். பிறகு பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் மூன்று குறிப்பு: எந்த மாநிலம் (முடிந்தால் கவுண்டி), கதை நடக்கும் ஆண்டு, நாவல் வெளிவந்த ஆண்டு. அந்த மாநிலத்தில் அந்த ஆண்டில் நடப்பிலிருந்த ஒரு சட்டம் அல்லது ஒரு பேரிடர், அதை மட்டும் பத்து நிமிடம் தேடுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம், விமர்சனமும் வேண்டாம். ஆண்டு நேரடியாக இல்லையென்றால் அதிபர் பெயர், கார் மாடல், வானொலிப் பாட்டு எதிலாவது மாட்டும். முதல் பக்கத்துக்கு முன்பே இதைச் செய்தால் நாவல் வரலாற்றுத் தேர்வாகிவிடும். அதனால்தான் முப்பது பக்கம் என்றேன். வெளிவந்த ஆண்டு எதற்கென்றால், 1956-ஐப் பற்றி 2004-ல் எழுதுபவர் 2004-க்கும் சேர்த்துத்தான் பேசுகிறார்.

இன்றைய காலத்தில் நடக்கும் குடும்ப நாவல்களுக்குச் சட்டம் குறைவாகத்தான் தேவைப்படும், ஆனால் சில நடைமுறைகள் தெரிய வேண்டும். அறுபத்தைந்து வயதுக்குக் கீழே பெரும்பாலானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேலை வழியாக வருவது, எனவே வேலை போனால் என்ன போகும் என்பது ஒரு வரியில்கூட எழுதப்படாது. நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை நன்றியறிதல் நாள். பிரிந்துகிடக்கும் பிள்ளைகள் அன்றைக்கு வீட்டுக்கு வருவார்களா என்பதை வைத்தே ஒரு நாவல் ஓட்டிவிடுவார்கள். ஜோனதன் ஃப்ரான்ஸனின் 'தி கரெக்ஷன்ஸ்' (2001) கிறிஸ்துமஸை வைத்து அதையே செய்கிறது: பார்க்கின்சன் நோய் முற்றிவரும் அப்பா, கடைசியாக ஒருமுறை எல்லோரும் ஒன்றாகக் கிறிஸ்துமஸ் கொண்டாட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் அம்மா, மூன்று பிள்ளைகள். இதில் நம்மவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது, அம்மாவின் பிடிவாதம் உட்பட.

இனி சிறுகதை. 'முடியாமல் முடிகிறது' என்ற புகாருக்கு ரேமண்ட் கார்வர் நல்ல பயிற்சிக்களம், ஏனென்றால் ஒரே கதை இரண்டு வடிவத்தில் கிடைக்கிறது. மகனின் பிறந்தநாளுக்கு அம்மா கேக் சொல்லிவைக்கிறாள். பிறந்தநாளன்றே பையனைக் கார் இடித்துவிடுகிறது, மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறான். கேக்கை யாரும் வாங்க வராததால் பேக்கரிக்காரர் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். 1981-ல் வந்த 'தி பாத்' வடிவம் பையன் பிழைத்தானா இல்லையா என்று சொல்வதற்கு முன்பே, தொலைபேசி மணியோடு முடிந்துவிடும். 1983 தொகுப்பிலுள்ள 'எ ஸ்மால், குட் திங்' மூன்று மடங்குக்கும் மேல் நீளம்: பையன் இறந்துபோகிறான், பெற்றோர் நள்ளிரவில் பேக்கரிக்குச் சண்டைக்குப் போகிறார்கள், விஷயம் தெரிந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டு, உட்காரவைத்து, சூடான ரொட்டி தருகிறார்.

சுருங்கிய வடிவம் எடிட்டர் கோர்டன் லிஷின் கத்தரி. அந்த 1981 தொகுப்பையே அவர் பாதிக்கும் மேல் வெட்டினார். வெட்டாத கைப்பிரதி 'பிகினர்ஸ்' என்று 2009-ல் வெளிவந்தது. முதலில் நீளமானதைப் படியுங்கள், பிறகு சுருங்கியதை. எந்த வாக்கியங்கள் காணாமல் போயின என்று பாருங்கள்: பேக்கரிக்காரரின் தனிமை, பெற்றோரின் அழுகை, காரணம் சொல்லும் எல்லாம். மிஞ்சியது பொருட்களும் பேச்சும். 'எதுவும் நடக்கவில்லை' என்று தோன்றும் கதைகளில் அந்த மிச்சத்தைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள். எனவே நடுவில் காரணமில்லாமல் நீளும் ஒரு பொருளையோ திரும்பத் திரும்ப வரும் ஒரு அழைப்பையோ கவனித்தால் போதும், கதையின் பாரம் அங்கேதான் இறங்கியிருக்கும். என் கட்சி நீளமான வடிவம். லிஷ் வடிவம் அதிர்ச்சி தரும், இரண்டாம் வாசிப்பில் ஒன்றும் மிஞ்சாது. மறுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 1936-ல் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையின் மாதிரியில் பல்கலைக்கழகங்கள்தோறும் எழுத்துப் படிப்புகள் வந்துவிட்டன. ராபின்சன் அயோவாவில் பல காலம் கற்பித்தவர், டெனிஸ் ஜான்சன் அங்கே படித்தவர். நன்மைகள் இருக்கட்டும், அங்கிருந்து வரும் முதல் தொகுப்புகளில் ஒரு வார்ப்பு உண்டு: நிகழ்காலத்தில் சொல்லும் தன்மைக் கதைசொல்லி, அடக்கமான துயரம், கடைசிப் பத்தியில் வெளிச்சமோ பறவையோ. மூன்று கதையில் இதுவே வந்தால் தொகுப்பை மூடிவைப்பதில் பாவமில்லை.

பக்கத்தின் தோற்றமே மிரட்டும் புத்தகங்களும் உண்டு. கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' (2006) மேற்கோள் குறி இல்லாமல் எழுதப்பட்டது. பெரும்பாலும் அப்பாவும் மகனும் மட்டும் பேசுவதால் வரிக்கு வரி ஆள் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் பத்தே பக்கத்தில் பழகிவிடும். மெக்கார்த்தியை இதில் தொடங்குங்கள், 'பிளட் மெரிடியன்' (1985) பின்னால் வரட்டும். ஜார்ஜ் சாண்டர்ஸின் 'லிங்கன் இன் தி பார்டோ' (2017) நாடகம்போலத் தெரியும், ஆனால் பேசுபவரின் பெயர் பேச்சுக்குக் கீழே இருக்கும். ஒவ்வொரு பத்திக்கும் முதலில் கீழே பார்த்துவிட்டு மேலே வாருங்கள். 1862 பிப்ரவரியில் 11 வயதில் இறந்த லிங்கனின் மகன் வில்லி, கல்லறைத்தோட்டத்து ஆவிகள், நடுவில் மேற்கோள் தொகுப்புகள், அவற்றில் சில உண்மை நூல்கள், சில இட்டுக்கட்டியவை. வோல்மன், பெவின்ஸ், எவர்லி தாமஸ் என்ற மூன்று ஆவிகளைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் தானாக அமைவார்கள். இதன் ஒலிநூலில் 166 குரல்கள். கேட்டுக்கொண்டே படித்தால் சுலபம். பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' (2024) மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்'னில் வரும் அடிமை ஜிம் சொல்லும் கதை. அடிமைகள் தங்களுக்குள் செம்மையான ஆங்கிலம் பேசுகிறார்கள், வெள்ளையர் வந்ததும் கொச்சைக்கு மாறுகிறார்கள், பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். ட்வைனைப் படிக்காமல் இதை எடுத்தால் பாதிச் சிரிப்பு போய்விடும்.

தமிழ் வாசகருக்குத் தலைகீழான அனுபவம் ஒன்றும் இருக்கிறது. இலங்கைத் தமிழ் வம்சாவளி அமெரிக்கரான வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' (2023) அடுத்த ஆண்டு பெண்கள் புனைவுப் பரிசு பெற்றது. டாக்டராக வேண்டும் என்று படிக்கும் சசி, அவளுடைய அண்ணன் தம்பிகள், யாழ்ப்பாணம், 1981. அந்த ஊரும் அந்த ஆண்டும் சேர்ந்தாலே நூலகம் எரியப்போகிறது என்று நமக்குத் தெரியும். அமெரிக்க வாசகருக்குத் தெரியாது. எனவே கதைசொல்லி 'நீங்கள்' என்று நேரே கூப்பிட்டு விளக்குகிறாள், சில இடங்களில் வாதாடுகிறாள். நமக்கு அந்த விளக்கங்கள் அதிகப்படியாகத் தோன்றலாம். அவை எங்கெங்கே வருகின்றன என்று குறித்துக்கொண்டே போனால், அமெரிக்க நாவல் தன் வாசகருக்குத் தெரியும் என்று எதை எடுத்துக்கொள்கிறது, எதை எடுத்துக்கொள்வதில்லை என்ற கணக்கு நன்றாகப் புரியும்.

தொடங்கும் வரிசை. முதலில் டெனிஸ் ஜான்சனின் 'ட்ரெய்ன் ட்ரீம்ஸ்'. ஏறக்குறைய 120 பக்கம், இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். ஐடஹோவில் 1917 கோடைக்காலம், ரயில்பாலத் தொழிலாளர்கள் ஒரு சீனத் தொழிலாளியைப் பாலத்திலிருந்து தூக்கியெறியப் பார்க்கிறார்கள், கதாநாயகனும் அதில் ஒரு கை. அந்தக் குற்றம் அவனை வாழ்நாள் முழுக்க விடாது. சீனக் குடியேற்றத்தைத் தடுத்த 1882 சட்டம் 1943 வரை நடப்பிலிருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நம் முறையை இதிலேயே சோதித்துவிடலாம். அடுத்து எலிசபெத் ஸ்ட்ரௌட்டின் 'ஆலிவ் கிட்டரிட்ஜ்' (2008). மெய்ன் மாநிலக் கடலோர ஊர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கடுகடுப்பானவர். இதற்குச் சட்டமெல்லாம் வேண்டாம். நாவல் என்று நினைத்து வாங்கினால் குழம்புவீர்கள்: 13 தனிக்கதைகள், சிலவற்றில் ஆலிவ் ஓரமாகக் கடந்துபோவதோடு சரி. நாளுக்கு ஒரு கதை போதும். பிறகு 'சால்வேஜ் தி போன்ஸ்', அதன்பின் 'கிலியட்'டும் 'ஹோம்'மும், 'தி நோன் வேர்ல்ட்' கடைசியில். டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் 'இன்ஃபினிட் ஜெஸ்ட்' (1996) ஆயிரம் பக்கம் தாண்டியது, 388 பின்குறிப்புகள் வேறு. பலர் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள், பலர் இதோடு அமெரிக்க இலக்கியத்தையே விட்டும்விடுகிறார்கள்.

விருதுப் பட்டியலை வைத்து வாங்குவதாக இருந்தால் ஒன்று: அமெரிக்க வாழ்க்கையைப் பேசும் படைப்புக்கே முன்னுரிமை என்பது புலிட்சரின் விதி. எனவே மாநிலம், ஆண்டு, சட்டம் என்ற சிக்கல் அந்தப் பட்டியலில்தான் அதிகம். வென்றதை மட்டும் பார்க்காமல் இறுதிச்சுற்றுக்கு வந்தவற்றையும் பாருங்கள். 2012-ல் மூன்று புத்தகங்களை நடுவர்கள் தேர்ந்து அனுப்பியும் வாரியத்தில் எதற்கும் பெரும்பான்மை கிடைக்காமல் புனைவுக்குப் பரிசே தரவில்லை. அந்த மூன்றில் ஒன்று 'ட்ரெய்ன் ட்ரீம்ஸ்'.